முதல் பக்கத்துக் காலிக் கட்டம்

அச்சகத்திலிருந்து வந்த கட்டுகளைப் பிரித்து, ஊர் வாரப் பத்திரிகையை நாலாக மடித்துக்கொண்டிருந்த நிருபரின் கை அப்படியே நின்றுவிட்டது. முதல் பக்கத்தின் அடியில் பெரிய கட்டம் ஒன்று வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தது.

“அண்ணே, என்னண்ணே இது?”

பக்கம் அமைக்கும் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வருஷக்கணக்காக அந்த இடத்தில் சாயப்பட்டறை விளம்பரம்தான். வாரா வாரம் பழைய பக்கத்தையே திறந்து, செய்தியை மட்டும் மாற்றுவது அவர் வழக்கம். பட்டறைக் கழிவு குழாய்த் தண்ணீரில் கலக்கிறது என்று நிருபர் எழுதியதும் விளம்பரம் நின்றுபோனது. அண்ணன் விளம்பரப் படத்தை எடுத்துவிட்டார். கட்டத்தை எடுக்க மறந்துவிட்டார்.

“கைப்பழக்கம்மா. படத்தைத் தூக்கினேன், கோடு நின்னுபோச்சு.”

“நல்லா நின்னுச்சு போங்க. கடை காலின்னு நாமளே போர்டு மாட்டின மாதிரி இருக்கு.”

மறுபடி அச்சடிக்க வக்கில்லை. அச்சகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததே அந்த விளம்பரக் காசைத்தான். இன்னும் ஓர் இதழ், அதற்கப்புறம் பூட்டுதான் என்று ஆசிரியர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நிருபருக்கு அழுகை வந்தது. அழுதால் தாள் தானாக மடியுமா என்ன? மூக்கை உறிஞ்சிக்கொண்டு மடித்தாள்.

மறுநாள் தெருமுனையில் துணி தேய்க்கும் அக்கா அவளைக் கூப்பிட்டாள். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பத்திரிகையை விரித்தாள்.

“இது யாரு எடம், காலியா கெடக்கு?”

“பட்டறைக்காரங்க எடம்க்கா. தண்ணியப் பத்தி எழுதினோம்ல, முறுக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரத்தோட நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

அக்கா கொடியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைக் காட்டினாள். தண்ணீர் தெளித்த இடமெல்லாம் பழுப்புத் திட்டு.

“இதுக்கு நான் தண்டம் கட்டினேன். சட்டைக்காரங்க என் கை அழுக்குன்னாங்க. நீ எழுதினப்புறம்தான் தண்ணி அழுக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. சரி, அந்த எடத்துக்கு என்ன வாடகை?”

“உங்க கடை விளம்பரமாக்கா?”

“என் கடைதான் தெருவுக்கே தெரியுமே. தண்ணியச் சோதிச்சு, எப்படி இருக்குன்னு வாரா வாரம் அதுல போடு. நாங்க எல்லாருமா சேர்ந்து வாடகை குடுக்கறோம்.”

வாய்ப்பேச்சு என்றுதான் நிருபர் நினைத்தாள். ஆனால் அந்த வாரம் பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படி ஓயவில்லை. பஞ்சர் ஒட்டுபவர் வந்தார், மருத்துவமனைச் செவிலி வந்தாள். சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரும் வந்து, நகக்கண்ணெல்லாம் நீலம் ஏறிய கையால் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, “ரசீது வேணாம்மா, பேரு தெரிஞ்சா வேலை போயிடும்” என்று சொல்லிப் போனார். ஆசிரியர் பூட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. பக்கம் அமைக்கும் அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா, நான் மறந்ததால வந்த வாழ்வு.”

“அதுக்காக தலைப்பை மறந்துடாதீங்கண்ணே.”

அடுத்த இதழில் கட்டம் நிரம்பி வந்தது. ‘இந்த வாரக் குழாய்த் தண்ணீர்: குடிக்கத் தகாது. வாசகர்கள் செலவில் சோதிக்கப்பட்டது.’ அண்ணன் கட்டத்தின் கோட்டை இன்னும் தடிமனாக்கியிருந்தார். நிருபருக்கு மனசு நிறைந்துபோனது.

பத்திரிகைக் கட்டை இடுக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனபோது, அக்கா அந்தக் கட்டத்தைக் கத்தரித்துத் தெருக்குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“நம்ம எடம் எப்படி இருக்கு?” என்றாள் பெருமையாக.

“ஜோரா இருக்குக்கா.”

அக்கா சிரித்தாள். சமையலுக்குத் தண்ணீர் பிடிக்கும் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். பசை காயாத தாளில் தண்ணீர் தெறித்துவிடாமல் ஒரு கையை அணையாக வைத்துக்கொண்டு, மறுகையால் குழாயைத் திறந்தாள்.