குடும்பத் தலைவர்

எங்கள் கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்ன அன்றே எனக்கு எரிச்சல் பிடித்துவிட்டது. சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கி, ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி வைத்து, கடலுக்குப் போக பாஸ் கேட்கிற ஊரில், அழகுக்குக் குறுக்கே நின்றவை எங்கள் வீடுகள்தானாம். வீதியை அகலமாக்கப் போகிறார்களாம். எங்களைக் கண்டி வீதிப் பக்கம், காடு வெட்டிய இடத்தில் குடியேற்றுவார்களாம். கல்வீடு, கக்கூசு, குழாய்க் கிணறு எல்லாம் உண்டு என்று ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று கத்திக்கொண்டு போனது.

உம்மா அந்த வானுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். உம்மா ஸுல்பிகா என்றால் எங்கள் கரையில் ஆள் வருவதற்கு முன் குரல் வரும். "கல்வீடாம் றஹ்மா! கேட்டியா? கல்வீட்டுக்காரிடி நீ!" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். எங்கள் ஓட்டு வீடு உம்மாவுக்கு அவருடைய கல்யாணத்தில் கிடைத்தது. வாப்பா ஒரு துணிப் பையோடு அங்கே மாப்பிள்ளையாக வந்தவர். எனக்குக் கல்யாணம் என்றால் வீடு எனக்கு. உம்மாவும் வாப்பாவும் பின்வளவுக் குசினிக்குப் போய்விடுவார்கள். அதை யாரும் பெரிய தியாகமாகப் பேசுவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கிண்ணியாவில் முனாபை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். அவருடைய உம்மா அசனா, வீட்டு உறுதிப் பத்திரத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணத்தோடு எழுதுவதுதான் வழக்கம். ஆனால் உம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாளே நொத்தாரிசிடம் போய் வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து வந்தார்.

பிறகுதான் திட்டக் கந்தோரிலிருந்து சோமசேகரம் என்ற உத்தியோகத்தர் வீடு வீடாகப் பதிய வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உம்மா தண்ணீர் கொடுத்தார்.

"வீடு ஆர்ட பேரில அம்மா?"

"என்ட மகள்ட பேரில சேர்."

"மகள் கலியாணம் முடிச்சிட்டாவோ?"

"பெருநாளைக்குப் பிறகு."

அவர் பேனையை மூடினார். "அப்ப சிக்கல்தான். குடும்பத்துக்குத்தான் வீடு குடுக்கிறம். தனிப் பிள்ளை குடும்பம் இல்லை. நீங்களும் உங்கட அவரும் குடும்பம், ஆனா உங்களுக்கு இஞ்ச வீடு இல்லை."

வீட்டுக்குக் குடும்பம் இல்லை, குடும்பத்துக்கு வீடு இல்லை. நான் சிரித்துவிட்டேன். உம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பதிவு முடியிறதுக்குள்ள விவாகத் துண்டைக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு என்னால ஏலாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க உம்மா உட்காரவில்லை. கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் நடந்தார். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். நான் கூட்டிய வாசலையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். என் பேரில் ஒரு வீடு இருப்பதாலேயே எல்லாரும் தெருவுக்கு வரப் போகிறோம்.

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் அந்தக் கிழமை மார்க்கெட் பக்கம் குண்டு வெடித்திருந்தது. ஆம்பிளைகளை ஆமிக்காரர் படகுத் துறையிலேயே பிடித்து வைக்கிறார்கள் என்று கதை. வாப்பாவை அனுப்பப் பயந்து, உம்மா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். சென்றிக்குச் சென்றி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து கிண்ணியா சேர்ந்தோம். என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருத்திவிட்டார்கள்.

"வீடு தந்தாத்தான் நிக்காஹ். அதானே பேச்சு," என்றார் அசனா மாமி.

"நிக்காஹ் முடிஞ்சாத்தான் வீடெண்டு கவுண்மெந்து சொல்லுது."

"கவுண்மெந்து தராட்டி? என்ட புள்ள ரோட்டிலயா படுக்கிற?"

அப்போதுதான் முனாபின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். "உம்மா, அவங்கட வீட்ட உடைக்கப் போறாங்க. இந்த நேரத்தில வீடு எங்கயெண்டு கேக்கிறது மனிசத்தனமா? வாற வெள்ளிக்கிழமையே முடிப்பம்."

திரைச்சீலைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கியது. மறைத்து என்ன, அந்த நிமிசமே அவரைப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலேயே நிக்காஹ். பந்தல் இல்லை, விருந்து இல்லை. ஊரடங்குக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பாதை ஏற வேண்டும் என்று நிக்காஹ் ஓதிய லெப்பையும் அவசரப்பட்டார். திங்கட்கிழமை விவாகத் துண்டையும் எடுத்துக்கொண்டு நானும் உம்மாவும் முனாபும் கந்தோருக்குப் போனோம். சோமசேகரம் சந்தோசத்தோடு படிவத்தை எடுத்தார்.

"குடும்பத் தலைவர்?"

"றஹ்மா," என்றார் உம்மா.

"தலைவர் ஆம்பிளை அம்மா. அவற்ற பேரிலதான் பத்திரம்."

உம்மாவின் குரல் ஏறியது. "என்ட வீட்ட இடிச்சிட்டுத்தானே இத தாறீங்க? வீடு பொம்புளப் புள்ளைக்கு சேர். எங்கட ஆக்கள்ல மட்டுமா? உங்கட வீடு ஆர்ட பேரில?"

சோமசேகரம் பேனையைப் பார்த்தார். "மனிசிட பேரிலதான். நான் என்ன செய்ய அம்மா, இது கொழும்பில போட்ட திட்டம். இந்தப் படிவத்தில அதுக்கு இடம் இல்லை. வேணாமெண்டா எழுதாமல் விடுறன்."

கரையின் மறுகோடியில் வீடு இடிக்கிற டோசர் வந்து நின்றிருந்தது. காலையில் அதைத் தாண்டித்தான் நாங்கள் வந்திருந்தோம். முனாப் குனிந்து, "மாமி, பேர்தானே? வீடு றஹ்மாடதான். நான் எப்ப இல்லையெண்ட?" என்றார். உம்மா விவாகத் துண்டை மேசையில் சோமசேகரத்தின் பக்கம் தள்ளிவைத்தார். என் பேரைச் சொல் என்று என்னைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் பழைய வீட்டை அரைப் பகலில் தட்டிவிட்டார்கள். உம்மா வளவில் நின்று கடைசி ஓடு விழும் வரை திட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கம், டோசர்க்காரன், நொத்தாரிசு என்று ஒருவரையும் விடவில்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

புது இடத்தில் எல்லா வீடும் ஒரே அளவு. பின்னால் குசினி போட வளவு இல்லை. ஒரு அறை, ஒரு கூடம், அவ்வளவுதான். உம்மாவும் வாப்பாவும் கூடத்தில் படுத்துக்கொள்வார்கள் என்று நாங்களே முடிவெடுத்திருந்தோம். முனாபின் பேரைக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்தார்கள். அவர் திறந்து, பிஸ்மி சொல்லி உள்ளே போய், எனக்குக் கை காட்டினார்; நானும் பின்னால் போனேன். வாப்பா லொறியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்.

உம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் ஏறாமல், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நின்றார்.

"மருமகன், உள்ள வரட்டா?"

கரை முழுக்கக் கேட்ட குரல் அது. இப்போது அறைக்குள் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முனாப் பதறிப்போய் ஓடினார். "என்ன மாமி இது கேள்வி? வாங்க, வாங்க. உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க."

அவர் அன்போடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபப்படவும் ஏலவில்லை, அழவும் ஏலவில்லை. உம்மா தலையை ஆட்டினார். உள்ளே வந்து, கதவோரம் கிடந்த கதிரையின் நுனியில், விருந்துக்கு வந்தவர் போல உட்கார்ந்தார்.