வெறுங்காணி

அந்த வெள்ளிக்கிழமை உதயகலா மூன்று லொறிகளைத் திருப்பி அனுப்பினாள். ஒன்றில் உடுப்பிட்டியில் இடித்த வீடொன்றின் கதவுகளும் நிலைகளும். இன்னொன்றில் ஓடு. மூன்றாவதில் ஒரு பழைய மடத்தின் யன்னல்கள். கீல் கூடக் கழன்றிருக்கவில்லை. வளவுக்குள் இறக்கிவைக்க ஒரு சாண் இடமில்லை. சாரதிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு தரவைக்குப் போனார்கள். நீரேரியோரம் கிடக்கும் அந்த வெளியில் யாரும் எதையும் கொட்டலாம், கேட்க ஆளில்லை. மாரியில் பறவைகள் வந்திறங்கும் இடத்தில் இப்போது சீமெந்துக் கட்டிகளும் உடைந்த கக்கூஸ் பீங்கான்களும் மேடாகிக் கிடந்தன.

கோப்பாய்ச் சனம் அவளுடைய இடத்தைப் பழஞ்சாமான் வளவு என்றுதான் சொல்லும். ஏழு வருடங்களுக்கு முன் ஆறு பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தொடங்கியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இடித்தது எல்லாம் குப்பைக்குப் போனது. அதே நேரத்தில், சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பிய சனம் தகரக் கொட்டிலுக்குக் கதவில்லாமல் பழஞ்சேலையைத் தொங்கவிட்டிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்த உதயகலாவால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்த வளவுதான் அவளுக்கு எல்லாம்.

வளவின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவன் லெனாட். வலிகாமம் வடக்கில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஐந்து வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி வெளிக்கிட்டவன். அவர்களுடைய காணி இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்கு உள்ளேதான் இருந்தது. வளவுக்குப் பக்கத்துக் காணிக்காரர் கனகரத்தினம் லண்டனில் இருந்தார். காணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவர் கேட்டபோது, உதயகலாதான் லெனாட்டின் பெயரைச் சொன்னாள். அவன் மனைவி பிரியந்தினியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்து, வளவிலிருந்தே சாமான் எடுத்து அந்தக் காணியின் முன்மூலையில் ஒரு வீடு கட்டினான். இரண்டு அறை, ஒரு குசினி. முன்கதவு நீலம், பின்கதவு பச்சை. யன்னல்கள் நான்கும் நான்கு வீடுகளுடையவை.

பிறகு அவன் வளவிலேயே வேலைக்குச் சேர்ந்தான். மற்றவர்கள் பெக்கோ இயந்திரம் விட்டு ஒரு மணித்தியாலத்தில் நொறுக்கும் வீட்டை லெனாட் நான்கு நாளில் கழற்றுவான். ஓட்டை மேலிருந்து எறியவிடமாட்டான், கைக்குக் கை வாங்கச் சொல்லுவான். மரத்திலிருந்து ஆணியை வளைக்காமல் எடுப்பான். நூறு ஓட்டில் இரண்டு உடைந்தாலும் அன்றைக்குப் பின்னேரம்வரை ஒருவரோடும் கதைக்கமாட்டான்.

வளவைப் பெருப்பிக்க வேண்டுமென்று முதலில் சொன்னவனும் அவன்தான். பக்கத்துக் காணியின் பின்பாதியைக் காலடியால் அளந்து காட்டினான்.

"பின்பக்கம் போதும் அக்கா. முன்னாலை எங்கடை வீடு நிண்டாலும் லொறி வந்து திரும்ப வழி இருக்கு. அவரிட்டைக் கேட்டுப் பாருங்கோ."

உதயகலா கேட்டாள். சங்கத்தின் ஆலோசகர், ஓய்வுபெற்ற ஓவசியர் சோமசேகரம், தன்னுடைய கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, கனகரத்தினத்தின் முகம் தெரியும்படி நிமிர்த்திவிட்டார். கனகரத்தினம் நல்ல மனுசன். அவள் கேட்டதற்கு மேலேயே தந்தார்.

"பாதி என்னத்துக்கு? முழுக் காணியையும் சங்கத்தின்ரை பேரிலை எழுதித் தாறன். சாமான் வைக்கச் செட் போடுற செலவும் என்ரை. தரவையிலை குப்பை கொட்டுற படங்களைப் பாத்தனான், வயிறு பத்துது. ஆனால் ஒண்டு, வெறுங்காணியாத்தான் குடுப்பன்."

"அதிலை லெனாட்டின்ரை வீடு இருக்கு," என்றாள் உதயகலா.

"அதைத்தான் சொல்லுறன். அவை வந்து இப்ப ஏழு வருசமோ? பத்து வருசம் ஆனால் ஆட்சியுரிமை எண்டு கோட்டுக்குப் போவினம். என்ரை தமையனுக்கு இணுவிலிலை அப்பிடி நடந்தது. எனக்கு உந்த அலைச்சல் ஏலாது."

"அந்த மூலையை மட்டும் விட்டிட்டு..."

"இல்லைப் பிள்ளை. முழுக்க. இல்லாட்டி வேண்டாம்."

அவள் இரண்டாந்தரம் கேட்கவில்லை. பின்னாளில் அவளை அரித்தது அதுதான். இன்னொருக்கால் கேட்டிருந்தால் அவர் இறங்கியிருப்பாரோ என்னவோ, அது தெரியாது. ஆனால் கேட்கவில்லை.

போனை வைத்ததும் சோமசேகரம் சொன்னார்: "யோசிக்காதையும். பொடியனுக்கு ஒரு இடம் பாத்துக் குடுப்பம்." இடத்தை யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே போய் லெனாட்டிடம் சொல்லத்தான் உதயகலா நினைத்தாள். ஆனால் அந்தக் கிழமை இணுவிலில் பெரிய வேலையொன்று வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. ஐயாயிரம் ஓடு, பாலை மரத்தில் கூரையைத் தாங்கும் வளைகள், ஒரு பெரியவர் உள்ளே நடந்து போகக்கூடிய அகலத்தில் யன்னல்கள். வீட்டுக்காரர் இருபது நாள் தவணையும், கழற்றியதைச் செட் எழும்பும்வரை முற்றத்தில் அடுக்கிவைக்க அனுமதியும் தந்தார். இருபத்தோராம் நாள் பெக்கோ வரும். லெனாட் இல்லாமல் அந்தக் கூரையில் கைவைக்க முடியாது. சொன்னால் அவன் வேலையை விட்டுவிட்டு வீடு தேடப் போய்விடுவான். வேலை முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று அவள் தனக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியதிலிருந்து லெனாட் ஒவ்வொரு நாளும் புது செட்டைப் பற்றியே கதைத்தான். கதவுகளைப் படுக்கப்போடாமல் நிமிர்த்தி அடுக்க வேண்டும். ஓட்டுக்குத் தனிப் பக்கம். மழைத்தண்ணியைக் கிணற்றுக்குத் திருப்பலாம். "ஓம்," என்றாள் உதயகலா. "ஓம், அப்பிடித்தான் செய்வம்." மத்தியானத்தில் பிரியந்தினி கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவள் அதைச் சாப்பிட்டாள்.

பதினேழாம் நாள் காலை கோப்பாயில் காணி அளக்கச் சேவயர் வந்தார். அவரை அனுப்பியது சோமசேகரம். உதயகலாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாராம். சேவயரின் ஆட்கள் பிரியந்தினியின் குசினிக்கு முன்னால் சிவப்பு மை பூசிய கட்டையை அடித்தபோது, அவள் கையில் அகப்பையோடு வெளியே வந்து என்னவென்று கேட்டாள். மாதக் கடைசிக்குள் இது எல்லாம் வெறுங்காணியாக வேண்டும், உங்களுக்குச் சொல்லவில்லையா என்று சேவயர் கேட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டாராம்.

இணுவில் வீட்டின் கூரையில் இருந்த லெனாட்டின் போன் அடித்தது. அவன் கேட்டான். "ம்" என்றான். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஏணியால் இறங்கி, முற்றத்தில் ஓடு எண்ணிக்கொண்டிருந்த உதயகலாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, எங்கடை வீட்டை எடுக்கப் போகினமாம்."

"தம்பி, நான் உம்மோடை கதைக்கத்தான் இருந்தனான்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அவள் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஓம்," என்றாள்.

"எப்ப இருந்து?"

"மூண்டு கிழமை."

லெனாட் கழற்றிய ஓடுகளைத் திரும்பிப் பார்த்தான். ஐம்பது ஐம்பதாக, வைக்கோல் இடையில் வைத்து அடுக்கியிருந்தான். உதவியாள் ஒருவன் மேலிருந்து "அண்ணை, இந்த வளையை இறக்கட்டோ?" என்று கேட்டான். லெனாட் அவனுக்குப் பதில் சொன்னான்: "பொறு, வாறன். நீ தனியத் தூக்காதை."

உதயகலா பின்னால் போனாள். "நான் கேட்டனான் தம்பி. மூலையை விடச் சொல்லிக் கேட்டனான். அவர் ஒத்துக்கொள்ளேல்லை. வேறை இடம் பாப்பம். சங்கம் பாக்கும்."

"மிச்சத்தை முடிச்சிட்டுக் கதைப்பம்," என்றான் அவன்.

அவன் மிச்சத்தை முடித்தான். அடுத்த இரண்டு நாளும் விடியவே வந்து, கடைசி ஓடு இறங்கும்வரை நின்று வேலை செய்தான். பாலை வளை ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. சாப்பாட்டுப் பொதி ஒன்றுதான் வந்தது. உதயகலாவோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைத்தான். அவன் ஏசுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஏசியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த நேரம் வளவில் நின்றவளுக்குப் பக்கத்துக் காணியில் சத்தம் கேட்டது. ஓடு கழற்றும் சத்தமில்லை. அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டா லொறி நின்றது. பாய், பானை, தையல் மெசின், பிள்ளைகளின் புத்தகப் பைகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பிரியந்தினி இரண்டு பெண்களோடும் முன்சீற்றில் இருந்தாள். லெனாட் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடேயே நின்று, இரும்பு அலவாங்கால் கூரையைக் கீழிருந்து குத்திக்கொண்டிருந்தான். ஓடுகள் கும்பலாக விழுந்து உடைந்தன. விழுந்தும் உடையாதவற்றை அவன் குனிந்து எடுத்து நிலத்தில் அடித்தான். கோபக்காரன் அடிப்பதுபோல இல்லை. ஒவ்வொன்றாக, ஒழுங்காக, ஒன்றும் தப்பாமல்.

"தம்பி, உடைக்காதையும்," என்றாள் உதயகலா. "கழட்டும். நான் ஒரு பக்கத்திலை பத்திரமா வைச்சிருக்கிறன். நீர் வீடு கட்டேக்கை அப்பிடியே திருப்பித் தாறன்."

"எங்கை கட்ட?" என்று கேட்டான் லெனாட்.

அவன் நீலக் கதவை நிலையிலிருந்து கழற்றி, கவனமாகச் சுவரில் சாய்த்து வைத்தான். அவள் ஒரு கணம் ஆறுதல்பட்டாள். அவன் பலகையின் நடுவைப் பார்த்து அலவாங்கை இறக்கினான். பிறகு பச்சைக் கதவு. பிறகு யன்னல்கள். மரங்களைக் கோடாலியால் ஒரு முழத் துண்டுகளாகத் தறித்தான். விறகுக்குக் கூட அளவாக இருந்திருக்கும். ஆனால் அவன் அவற்றை எடுத்துப் போகவில்லை. பத்து மணிக்குத் தொடங்கியவன் இரண்டு மணிக்கு முடித்தான்.

முடிந்ததும் கிணற்றில் முகம் கழுவினான். அலவாங்கு வளவுடையது. அதைக் கொண்டுவந்து உதயகலாவின் காலடியில் வைத்துவிட்டு, வாகனத்தின் பின்னால் ஏறி இருந்தான்.

அடுத்த நாள் சோமசேகரம் வந்து பார்த்தார். "உவன் செய்த வேலையைப் பாரும்," என்றார். "சரி, இனியென்ன. அள்ளிப் போடுவம்." மூன்று ட்ரக்டர் பெட்டி உடைசல். ஒன்றையும் திருப்பிப் பயன்படுத்த முடியாது. எங்கே கொட்டுவது என்று சாரதி கேட்டான். உதயகலா வேறு இடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். "தரவைக்குக் கொண்டுபோ," என்றாள்.

செட் நான்கு மாதத்தில் எழும்பியது. திறப்பு விழாவுக்குக் கனகரத்தினம் லண்டனிலிருந்து வந்தார். உதயகலாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த வருடத்தில் மட்டும் தரவைக்குப் போகவிருந்த இருநூறு லொறிச் சாமான் காப்பாற்றப்படும் என்று சோமசேகரம் ஒலிவாங்கியில் சொன்னார். அது பொய்யில்லை. அன்றைக்கே பத்துப் பன்னிரண்டு ஏழைக் குடும்பங்கள் வந்து கதவும் ஓடும் வாங்கிப் போயின. ஒரு பெண் உதயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கனகரத்தினம் சுற்றிப் பார்த்துவிட்டு, "முந்தி இதிலை இருந்த குடும்பம் இப்ப எங்கை?" என்று கேட்டார். "நல்ல இடத்துக்குப் போட்டினம்," என்று சோமசேகரம் சொன்னார். உதயகலா பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவள் குருநகருக்குப் போனாள். விசாரித்து விசாரித்து, ஐஸ் கட்டி உடைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வாடகை அறையைக் கண்டுபிடித்தாள். பிரியந்தினி வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"லெனாட் இல்லையோ?"

"வாடியிலை மீன்பெட்டி இறக்கப் போட்டார்."

"புது செட்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேணும். அவரை விட்டால் ஆளில்லை. மாதச் சம்பளத்துக்கு எடுக்கலாம் எண்டு கொமிற்றியிலை முடிவெடுத்திருக்கு. நாளைக்கே வரலாம். நீர் ஒருக்காச் சொல்லிப் பாரும்."

"அவர் வரமாட்டார்."

"பிள்ளையள் எப்பிடி?"

"மூத்தவள் ஓ.எல். சோதினை எடுக்கேல்லை. பள்ளிக்கூடம் மாறினதோடை விட்டிட்டாள்."

உதயகலா கையில் கொண்டுபோன பழப்பையை நீட்டினாள். பிரியந்தினியின் இரண்டு கையும் ஈர உடுப்பில் இருந்தன. அவள் கைகளை எடுக்கவில்லை.

"அக்கா, நாங்கள் ஒன்பது இடத்திலை இருந்து எழும்பினனாங்கள்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எழும்பச் சொன்னால் எழும்பத் தெரியும். நீங்கள் அண்டைக்கே வந்து சொல்லியிருந்தால், அவரே எல்லாத்தையும் கழட்டி உங்கடை வளவுக்குள்ளை அடுக்கித் தந்திருப்பார். உங்கடை செட்டுக்கு அத்திவாரமும் வெட்டியிருப்பார். அவர் உங்களை அப்பிடி நினைச்சிருந்தவர்."

சொல்லிவிட்டு அவள் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்துதான் கிடந்தது. உதயகலா பழப்பையோடு திரும்பி நடந்து வந்து பஸ் ஏறினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் குருநகருக்கு வெளிக்கிட்டாள். பஸ் ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டிய பிறகுதான், அங்கே நின்ற நேரமெல்லாம் தான் கதைத்தது வேலையைப் பற்றித்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.