பேரைக் கேட்டால்

“அந்தப் பாளத்தைத் தலைமாட்டுக்குத் தள்ளுங்கப்பா. மெதுவா.”

மாமனார் ஆண்டியப்பன் சொல்ல, ஐஸ் கம்பெனி ஆட்கள் சாக்கைப் பிரித்தார்கள். மரத்தூள் சிந்தியது. பெஞ்சில் கிடத்தியிருந்த உண்ணாமலையின் முகத்தருகே புகைபோல ஒன்று எழுந்தது. சிவசாமி பாய்ந்து வந்து சாக்கை இழுத்து மூடினான்.

“ஐஸ் வேணாம் மாமா. இப்பவே எடுத்துருவோம்.”

“என்ன மாப்ள பேசுறீங்க? பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணங்காரன் போர்த்தாம எம்பொண்ணை எப்படி எடுக்கிறது? மலையாண்டி பம்பாயில ரயிலேறிட்டான். அவன் வர்ற வரைக்கும் இந்த வெயிலுக்குத் தாங்குமா?”

சிவசாமியின் கை சாக்கை விட்டது.

காமாலை முற்றிப் படுத்திருந்தவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து அவன்தான் போன வாரம் பேப்பரைப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் செத்துப்போன ஒருவரை உறைய வைத்திருக்கிறார்களாம். மருந்து கண்டுபிடித்ததும் எழுப்புவார்களாம், நூறு வருஷமானாலும்.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நீங்க இருப்பீங்களா?”

“நான் எப்படி இருப்பேன்?”

“அப்பா? அண்ணன்?”

அவன் பேப்பரை மடித்தான்.

“எந்திரிச்சதும் புருஷன் பேரு என்னன்னு கேப்பாங்களே. நான் என்னத்தைச் சொல்ல?”

அவள் அவன் பேரைச் சொன்னதே இல்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது சுவர்க் காலண்டரில் இருந்த சிவனைக் காட்டி, பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். “சிவபக்தனா?” என்றார் அவர். பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

“அந்தக் காலத்துல காலண்டர்ல சிவன் இருப்பாரா?” அவன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “என்னை ஐஸுல மட்டும் வச்சிராதீங்க.”

“சும்மா படிச்சேன் புள்ள. வைக்க மாட்டேன்.”

பாளங்களை வைத்து முடித்தார்கள். சிவசாமி அவள் கையைத் தொட்டான். குளிர் அவன் முழங்கைவரை ஏறியது. அவளுடைய இமை அசைந்தது. குனிந்து பார்த்தான். ஐஸ் உருகிய தண்ணீர்தான் இமைமேல் ஓடியிருந்தது. யாரோ உள்ளே வந்து அவளை எழுப்பிக் கேட்கப்போகிறார்கள் என்பதுபோல வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு மண்டியிட்டு அவள் காதருகே குனிந்தான். மாப்பிள்ளை அழட்டும் என்று மற்றவர்கள் வெளியே நகர்ந்தார்கள்.

“சிவசாமி,” என்றான். “வல்லத்திராக்கோட்டை சிவசாமி. சொல்லலாம் புள்ள, தப்பில்லை.”

வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகப் பிரித்து இன்னொரு தடவை சொன்னான்.

அவளுடைய தோட்டில் கோத்து நின்ற துளி மரத்தூளில் விழுந்தது.