முனியாண்டிக்கு ஒரு மலைப்பாம்பு

பவானேஸ்வரி விலங்கியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. "பாம்பு பல்லி பாக்கவா பிள்ளைய யூனிவர்சிட்டிக்கு அனுப்புறது?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். பவானேஸ்வரிக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்றவர் ஒரே ஒருவர், தோட்டத்து முனியாண்டி கோயில் தலைவர் பரமேஸ்வரன். அப்பாவின் கூட்டாளி, அவளுக்குச் சித்தப்பா முறை. அந்த மனிதரைத்தான் அவள் உலகத்தில் வேறு யாரையும்விட அதிகமாக நம்பித் தொலைத்தாள்.

இன்று அவள் டாக்டர் பவானேஸ்வரி. ஆயர் குரோ நகரத்தில் வீடு, பல்கலைக்கழகத்தில் வேலை. முதுகெலும்புள்ள பிராணிகளில் ஊரே அருவருக்கும் மலைப்பாம்புதான் அவளுக்குச் செல்லம். மெர்லிமாவ் பக்கம், தான் பிறந்த தோட்டத்துச் செம்பனைக் காட்டிலேயே பாம்புகளின் தோலுக்கடியில் சிறு சிக்னல் கருவியை வைத்துத் தைத்துவிட்டு, ஆன்டெனாவும் கையுமாக அலைந்தாள். அவற்றில் ஒரு பெரிய பெண் பாம்பு இந்த ஆண்டு முட்டையிட்டு, இரைகூட எடுக்காமல் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாத்தது. அந்தக் குஞ்சுகள் வெளிவருவதைப் பார்க்கத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

தோலுக்கும் கறிக்கும் அலைகிறவர்கள் இருப்பதால் இடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. திருவிழா ஊர்வலம் அந்த வழியாகப் போகும், பட்டாசு வெடிப்பார்கள் என்று தெரிந்ததும், சித்தப்பாவை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் கோயிலில் சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்தார். "என் வாயிலேருந்து ஒரு வார்த்த வராதும்மா. ஊர்வலத்த வேற பக்கமா மாத்திடுறேன்லா."

திருவிழா அன்று காலையில் போனால், முட்டைகள் இருந்த இடத்தில் இரண்டு உடும்புகள் மேய்ந்துகொண்டிருந்தன. கிழிந்த முட்டைத்தோல்தான் மிச்சம். ஆன்டெனா கோயில் பக்கம் கைகாட்டியது.

கோயில் வாசலில் ஓர் இரும்புக் கூண்டு. உள்ளே அவளுடைய பாம்பு, மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டு, மாலையோடு கிடந்தது. சுற்றிலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கூண்டருகே நின்ற பரமேஸ்வரனிடம் போனாள்.

"சித்தப்பா, இது அடையில இருந்துச்சு. முட்ட எல்லாம் போச்சு."

"மெதுவா பேசும்மா. தோட்டத்துக் கம்பெனிக்காரன் கோயில ஒடைக்கப் போறேன்னுட்டான். மேனேஜர் இன்னைக்கு வர்றாரு. முனியாண்டி பாம்பா குடியிருக்காருன்னு நேர்ல பாத்தா, கை வைக்க யோசிப்பான்லா. ஒனக்கு வேற பாம்பு கெடைக்கும். எங்களுக்கு வேற கோயில் கெடைக்குமா?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "இது நம்ம தோட்டத்துப் பொண்ணு, டாக்டர் பவானேஸ்வரி. சாமி இருக்கிற எடத்தக் காட்டிக் குடுத்ததே இவங்கதான்." கூட்டம் கைதட்டியது. அதற்குள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜரும் தட்டினார்.

படிக்க வைத்த மனிதரே தன் படிப்பை வைத்துத் தன்னை விற்றுவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. மைக்கைப் பிடுங்கினாள். "நான் காட்டுனது காப்பாத்துறதுக்கு. இவரு என்னை ஏமாத்திட்டாரு. கூண்டத் தொறங்க."

பரமேஸ்வரன் கோபப்படவில்லை. உறுமி மேளக்காரர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான், மேளம் பந்தலையே உலுக்கியது. அவள் கத்தியது அவள் காதுக்கே எட்டவில்லை. பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்த ஓர் அம்மாள் ஓடிவந்து, அவளை இறுக்கிப் பிடித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள்.