செல்லுக்கு ரெக்கை முளைத்தால்

1

ஒரு சொல்லில் இருந்து வந்த கதை இது. 'செல்' என்ற சொல். மும்பை தாராவியில் அதைச் சொன்னால் கைப்பேசியை எடுத்து நீட்டுவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆளிடம் சொன்னால் கரையானை நினைப்பான். எனக்கு வேலை கொடுத்த மானசா சொன்ன செல் இந்த இரண்டும் இல்லை. மூன்றுக்கும் நடுவில் என் பிழைப்பு மாட்டிக்கொண்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுதிய ஆரம்பம்: 'நீல வானில் ஓர் இரும்புப் பறவை

அடித்துவிட்டேன். கதையில் வரும் ட்ரோனில் இரும்பே கிடையாது.

அடுத்தது: 'வானமாமலை என்னும் தொழிலாளி ஒருவர்

"ஒங்களையே யாரோ மாதிரி எழுதுதியளே, கூச்சமா இல்லையா?" என்றாள் மாரீஸ்வரி, என் வீட்டுக்காரி. அதையும் அடித்தேன்.

மூன்றாவதுதான் நிற்கிறது. அது இது: என் வலது தோள் போய்விட்டது.

2

சமையல் காஸ் சிலிண்டர் சுமந்து போன தோள். தாராவியில் மாடி என்றால் இரும்பு ஏணி. ஒரு கையால் ஏணியைப் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் தோளின் பாடு.

அப்போதுதான் மானசா என்னை வேலைக்கு எடுத்தாள். மாட்டுங்காப் பெண், என்ஜினியர், நாலைந்து பேரோடு சொந்தமாக ட்ரோன் செய்கிறவள். முதல் நாள் "அந்த சிலிண்டரை எடுத்துண்டு வாங்கோ அண்ணா" என்றாள். நான் வழக்கம்போலக் கால் அகட்டி, மூச்சை அடக்கி, ஒரே எம்பு எம்பினேன். சிலிண்டர் பூசணிக்காய் கனம்கூட இல்லை. அதோடு சேர்ந்து நான் பின்னால் போய் விழுந்தேன். அது இரும்பு இல்லையாம், கார்பன் ஃபைபர் என்கிற கரிநூல் சுற்றிச் செய்த சிலிண்டராம். எல்லோரும் சிரித்தார்கள். என் தோளும்தான்.

[இங்கே விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. அந்த சிலிண்டரில் ஹைட்ரஜன். ட்ரோனுக்குள் ஒரு பெட்டி, அதுதான் ஃப்யூல் செல். ஹைட்ரஜனும் காற்றும் அதற்குள் போகும். தீ கிடையாது, புகை கிடையாது. கரண்டு வரும், கூடவே தண்ணீர் வரும். நான் முதலில் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், நாலாவது பகுதி வரட்டும்.]

ஹைட்ரஜன் என்றதுமே கோவண்டியில் ஒருவர் இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். செம்பூரில் ஒருவர் கதவையே திறக்கவில்லை. தாராவியில் ஜெயினுலாப்தீன் பாய் மட்டும் தன் தோல் குடோனுக்குப் பக்கத்துக் கோலியை, அந்த ஒற்றை அறையைக் கொடுத்தார். காஸ் நிரப்புவதெல்லாம் ஊருக்கு வெளியே. இங்கே வருவது காலி சிலிண்டர்தான். ஆனால் ஹைட்ரஜன் என்ற சொல் சந்து வழியாக அவர் காதுக்கும் வந்து சேர்ந்தது. இந்த இடமும் போனால் மானசாவின் கம்பெனி இல்லை. கம்பெனி இல்லை என்றால் நான் மறுபடி ஏணி ஏற வேண்டும்.

3

"என்னவே வானமாமலை, உள்ள குண்டு செய்யுதியளாமே?"

"குண்டெல்லாம் இல்ல பாய். வெறும் செல்லுதான்."

தைரியம் சொல்லுவதாக நினைத்துச் சொன்னேன். பாய் முகம் இன்னும் கறுத்தது.

"செல்லா? பக்கத்துல தோலு, அட்டை, மரப்பெட்டி பூரா எனக்குக் கெடக்குவே. குண்டுன்னாலும் சத்தம் கேக்கும். செல்லு திங்கது தெரியவா செய்யும்?"

மானசா ஓடி வந்தாள். "பாய், அந்தச் செல் இல்லை. இது பறக்கறதுக்கு."

"பறக்குமோ? ரெக்கை மொளச்ச செல்லு ஈசல்மா. வெளக்கச் சுத்திட்டு விழுந்துரும்."

அவளுக்கு ஈசல் தெரியவில்லை. நான் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், யோசித்தாள்.

"பாய் சொல்றது கரெக்ட்தான். பேட்டரி ட்ரோன் எல்லாம் ஈசல். அரை மணியில இறங்கிடும். இது ஈசல் இல்லைன்னு காட்டினா எங்களை இருக்க விடுவேளா?"

பாய் தாடியைத் தடவினார். "காலையில ஏத்து. நான் சாயங்காலம் அஸர் தொழுதுட்டுப் பாக்கும்போதும் மேல இருந்தா, இருங்க. விழுந்தா சாவியக் குடுத்துரணும்."

(முதல் தடவை எழுதும்போது இந்த இடத்தில் பாயை வில்லன் ஆக்கி, மீசை முறுக்க வைத்திருந்தேன். "பாய்க்கு ஏது மீசை?" என்றாள் மாரீஸ்வரி. மீசையை எடுத்தேன், வில்லத்தனமும் கூடவே போய்விட்டது. எல்லோரும் கதவைச் சாத்தியபோது திறந்த மனுஷன் அவர். கதைக்கு வில்லன் இல்லை. பரவாயில்லை.)

4

பன்வேல் தாண்டி ஒரு வெட்டவெளி. அனுமதி வாங்கித்தான் போனோம். பாயும் வந்தார், தொழுகைப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு.

ட்ரோன் நேராக எழும்பி, அவர் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. அவர் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழையா?"

"இல்ல பாய். இதுக்குப் புகை இதான்," என்றேன்.

விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. இதை எப்படி எழுதுவது என்றுதான் பல நாள் முழித்தேன். மேலே அது சுற்றியது. கீழே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க மானசா ஒரு பேட்டரி ட்ரோனையும் விட்டாள். அது இறங்கும், பேட்டரி மாற்றுவாள், ஏறும், இறங்கும். ஒவ்வொரு தடவையும் பாய் "ஈசல்" என்றார். சாப்பிட்டோம். பாய் மத்தியானத் தொழுகை, ளுஹர், தொழுதார். கழுத்து வலிக்கிறதென்று மல்லாந்து படுத்தபடியே பார்த்தார். ஜெயிப்பது இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அஸர் ஆனது. அவர் தொழும்போது நான் மேலே பார்க்கவில்லை. பயம். ஸலாம் கொடுத்து முடித்து, தொழுகைப் பாயைச் சுருட்டி, நிமிர்ந்தார்.

"எங்கவே காணோம்?"

எனக்குத் தோள் விண்ணென்றது. எல்லோரும் தேடினோம். மானசா திரையைப் பார்த்தாள், அப்புறம் மேற்கே கையை நீட்டினாள். வெயிலுக்குள் இருந்து கறுப்பாக ஒரு புள்ளி வெளியே வந்தது.

பாய் கையால் வெயிலை மறைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வெளக்கச் சுத்தும்னு சொன்னேன். இது சூரியனையில்லா சுத்துது." பிறகு என்னிடம், "சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்வே."

மானசா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் உண்மைதான்.

5

முடிவு. மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் அது பூப்போல இறங்குகிறது, கை தட்டுகிறார்கள். ஒன்றில் சிலிண்டர் தீர்ந்து, மானசா பதறி, கடைசி நொடியில்

வேண்டாம். மூன்றாவதைச் சொல்லவே மாட்டேன்.

மானசாவிடம் வாசித்துக் காட்டினேன், அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. "எப்போ இறங்கித்துன்னு போடலையே அண்ணா?" என்றாள்.

அன்றைக்கும் அவள் பாயிடம் "இறக்கட்டுமா?" என்று கேட்டாள். "எதுக்கு? கெடக்கட்டும் மேல," என்றார் அவர். என் கதை அந்த இடத்தில் நிற்கிறது. வெயில் சாய்கிறது, நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம், அது சுற்றுகிறது.

என் ஆயுசில் நான் ஏற்றியதை எல்லாம் நானேதான் இறக்கியும் வைத்திருக்கிறேன். இது ஒன்றை இறக்க மாட்டேன். இறக்கித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், இந்தாருங்கள், நீங்கள் இறக்கிக்கொள்ளுங்கள். கனமே இல்லை.