இருபது அடி தார்

காலை ஐந்து மணிக்குச் சைக்கிளின் இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். சரளைக்கல்லில் விறைத்த டயர் துள்ளும். சற்றுத் தொய்ந்திருந்தால் கல்லைப் பிடித்துக்கொண்டு போகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முழங்கையில் இரண்டு தடவை தோல் போனபிறகு நானே தெரிந்துகொண்டது. இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். ஹேமநாதன் வண்டி வந்துவிட்டது என்றால் திருத்தணியில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவன் ஐம்பத்தாறு வயதில், கேரியரில் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தார் ரோட்டையே தொடாமல் பள்ளிப்பட்டுக்குப் போகிறேன் என்றால் ஊர் சிரிக்கத்தான் சிரிக்கும். சிரிக்கட்டும். என் மகள் கயல்விழிக்கு இன்று அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. பதினோரு மணிக்கு முதல் வளையல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு வளைவில், லாரியை முந்திக்கொண்டு வந்த ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு என் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான். என் மேல் தப்பில்லை. கோர்ட் சொன்னது, ஆபீஸ் சொன்னது, அந்தப் பையனைப் பெற்றவளே சொன்னாள். காது கேட்டுக்கொண்டது, கால் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஹாரன் சத்தம் கிட்டே வந்தால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. சட்டை நனைகிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆளைக் கொன்ற யானையைக் கட்டித்தான் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்து வீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன், மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி வாந்தி எடுத்தேன். ஆட்டோவிலிருந்து ஓடும்போதே குதித்தேன். போன வருஷம் பள்ளிப்பட்டில் கயல் கல்யாணம். வாசலில் கார் நின்றது. பட்டு வேட்டியோடு அரைமணி நேரம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது என் மச்சான். இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன கேவலம் வேண்டும்?

அதனால்தான் சைக்கிள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மூன்று மாசமாக வழி தேடினேன். நந்தி ஆற்றங்கரையோடு போனால் ஒரு ஏரிக்கரை வருகிறது. ஏரிக்கரை முடிகிற இடத்தில் மாட்டுவண்டித் தடம். அது காப்புக்காட்டுக்குள் நுழைந்து மலை ஏறி இறங்குகிறது. பஸ் ரூட் மாதிரியே ஸ்டேஜ் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டேன்: மதகு 5.40, ஒற்றைப் பனை 6.05, குரங்குப் பாறை 7.10. வள்ளிநாயகி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, குரங்குக்கு எவ்வளவு டிக்கெட் என்று கேட்டாள். கட்டினவளுக்குக் கிண்டல் பண்ண உரிமை உண்டு.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எனக்கு அந்தக் காடு பிடித்துப்போய்விட்டது. திருத்தணி மலைக்கோயில் பாட்டு கேட்கிற தூரத்தைத் தாண்டினதும் சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். மயில் தடத்தில் நின்றுகொண்டு, வழி விடலாமா என்று யோசித்து, பிறகு விடும். ஏற்றத்தில் இறங்கி உருட்ட மாட்டேன். மூச்சு முட்டும், தொடை எரியும், இருந்தாலும் மிதிப்பேன். இறக்கத்தில் கல்லைப் பார்க்கக் கூடாது, கல்லுக்கு அப்பால் இருக்கிற தடத்தைப் பார்க்க வேண்டும். காலையில் காரைச்செடி வாசனை, ஈர மண், எதிரே வண்டியே வராத ஒரு வளைவு. எத்தனை வளைவு ஓட்டியிருக்கிறேன், எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று தைரியமாகத் திரும்பிய வளைவு இதுதான். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் எந்த வழியையும் முழுசாக ரோடு இல்லாமல் அமைக்க முடியாது. மலை இறங்கினதும் மெயின் ரோடு குறுக்கே போகிறது. இருபது அடி தார். அதற்கு அந்தப் பக்கம் வேறோர் ஆற்றின் கரை ஆரம்பித்து நேராகப் பள்ளிப்பட்டு. அந்த இருபது அடி வரைக்கும் நாலு தடவை வந்திருக்கிறேன். நாலு தடவையும் திரும்பிப் போயிருக்கிறேன். வீட்டில் மட்டும் தாண்டிவிட்டேன் என்று சொன்னேன். ஆற்று மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதாகவும், கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றதாகவும் கயலிடம் போனில் அளந்தேன். அந்தப் பக்கத்து ஸ்டேஜ் எல்லாம் அங்கே ஆடு மேய்க்கிற கெங்கம்மாளைக் கேட்டு எழுதிக்கொண்டது.

இன்று எட்டரைக்கு ரோட்டோரம் வந்து சேர்ந்தேன். எழுதியிருந்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தி. செங்கல் லாரி, கார், பஸ், மறுபடி லாரி. சத்தம் குறையும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுவேன். முன்சக்கரம் தாரின் ஓரத்தைத் தொடும். எங்கோ ஒரு ஹாரன் கேட்கும், புளியமரம் வரை பின்னால் வந்துவிடுவேன். ஒன்பதரை ஆனது. கெங்கம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து என்னையும் பெட்டியையும் பார்த்தாள். தினமும் இந்த ரோட்டைத் தாண்டுகிறவள். ஆடு வந்தால் எந்த லாரிக்காரனும் நிற்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆட்டோட ஆடா வந்துடு டிரைவரே. தலய குனிஞ்சிகினு நடந்தா வேல முடிஞ்சிது."

நடந்தேன். முப்பது ஆடும் நானும். பின்னாலிருந்து ஒருவன் ஹாரனை அழுத்தினான். ஆடுகள் போய்விட்டன, நான் மட்டும் புளியமரத்தடியில் குந்தியிருந்தேன். கெங்கம்மாள் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"எங்க வந்துகினு இருக்க நைனா?"

ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன் என்கிற பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ இன்று அதற்கு மேல் வரவில்லை.

"ரோட்டாண்ட நிக்கிறேன். இந்தப் பக்கத்துலயே. ஒரு நாளும் தாண்டினதில்ல கயல். எல்லாம் பொய்."

"தெரியும்" என்றாள். "ஆத்துல ரெண்டு மாசமா தண்ணி ஓடுது. நீ மணல்ல சைக்கிள் உருட்டினேன்னு சொன்ன."

அவளுக்குப் பின்னால் பெண்கள் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன. கல்யாணத்தில் தாரை வார்த்த மாமாவையே என் இடத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு நீ வரல. நான் ஒரு வார்த்த கேட்டனா? இன்னிக்கி நீ இல்லாம எவ வந்தாலும் நான் கைய நீட்ட மாட்டேன். அங்கியே இரு. நான் வரேன்."

"வராத கயல். வயித்துல புள்ளய வெச்சிகினு இந்த ரோட்டுல வராத. சொல்றத கேளு."

வைத்துவிட்டாள். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. பிடிவாதத்தில் அவள் அப்படியே நான். அடுத்த இருபது நிமிஷம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தவன், ரோட்டில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் அவளுக்காகப் பார்த்துப் பயந்தேன். ஒரு வேன் வளைவில் முந்தியது. அடப்பாவி, என் பெண் எதிரே வருகிறாள் என்று வாய்விட்டே கத்தினேன்.

வெள்ளைக் கார் ஒன்று அந்தப் பக்கம் வந்து நின்றது. முதலில் மாப்பிள்ளை இறங்கினார், பிறகு நேற்றே அங்கே போய்விட்ட வள்ளிநாயகி, கடைசியாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு கயல். பச்சைப் பட்டு, கழுத்து நிறைய மாலை, கன்னத்தில் பூசின சந்தனம். கையில் மட்டும் ஒன்றுமில்லை. வள்ளிநாயகி அவள் தோளைப் பிடித்து ஏதோ சொன்னாள். கயல் கையை உதறினாள். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தாரின்மேல் ஒரு காலை வைத்தாள்.

இடதுபக்கம் செங்கல் லாரி. முழு லோடு. அந்த வேகத்தில் அது நிற்க எத்தனை அடி வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

சைக்கிள் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. நான் நடு ரோட்டில், லாரியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். டயர் தேய்கிற சத்தம் காதைப் பிளந்தது. கண்ணை மூடவில்லை. ரேடியேட்டர் சூடு முகத்தில் அடிக்கிற தூரத்தில் லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் தெலுங்கில் என் வம்சத்தையே இழுத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஹாரன், பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. வலது கால் வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கட்டும் என்று அதன் மேலேயே நின்றேன். கையை இறக்கவில்லை.

இன்னும் பத்தடி இருந்தது. ஹாரன்கள் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்குள், தாரின் ஓரத்தில் நின்றபடி, கயல் இரண்டு வெறுங்கையையும் என் பக்கம் நீட்டினாள்.