புள்ளி விழவில்லை

‘கீழவரும வினாககளுககு விடை தருக’ என்று திரையில் நின்றது. துஷாந்தி விரல்களைத் தூக்கிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தாள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான தவணைப் பரீட்சை வினாத்தாள். எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. புள்ளி மட்டும் ஓரிடத்திலும் விழவில்லை. திக்குவாய்க்காரன் நேர்மாறாகத் திக்கினால் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது.

அவள் அடிப்பது பாமினி எழுத்துருவில். ஆங்கில விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு தமிழ் எழுத்து. மெய்யெழுத்தின் புள்ளிக்கு வலது சுண்டுவிரல் படுகிற அரைப்புள்ளி விசை. அதுதான் செத்திருந்தது. மடிக்கணினியைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். பழைய பல்துலக்கும் தூரிகையால் விசைகளுக்கிடையே கூட்டினாள். அணைத்துப் போட்டால் சரியாகும் என்று கைபேசியில் யாரோ ஒருவன் காணொளியில் சொன்னான். அதற்கு மட்டும் அவளுக்குத் துணிவில்லை. அணைத்தால் திரும்பத் திறக்க வேண்டும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். போன தவணை வினாத்தாளிலிருந்து ஒரேயொரு புள்ளியைப் பிரதி எடுத்து, வேண்டிய இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போனாள். இத்தனை வருடம் தமிழ் படிப்பித்தும் தமிழில் இவ்வளவு புள்ளி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் அப்படியே ஓடியது. பிறகு ஒரு பின்னேரம் பதுளை முழுக்க இருட்டிக்கொண்டு மழை அடித்தது, கரண்ட் போயிற்று. கணினியின் பற்றரி எப்போதோ பழுது. கரண்டோடு அதுவும் அணைந்தது. கரண்ட் வந்ததும் நீலத் திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது. அடித்தாள். பிழை என்றது. அவளுடைய கடவுச்சொல்லும் பாமினிச் சொல்தான். அதன் கடைசியிலும் ஒரு புள்ளி இருந்தது. பிரதி எடுக்க இங்கே பழைய வினாத்தாள் எதுவும் இல்லை.

“என்ன, அதையே பாத்துக்கிட்டு இருக்க?” கணவன் மதுரன் பின்னால் வந்து நின்றான். கடையடைத்துவிட்டு வந்த புதுத்துணி மணம் அவன் சட்டையில் இருந்தது.

“பாஸ்வேட் எடுக்க மாட்டேங்குதுங்க. ஒரு கீ வேலை செய்யல.”

“பேப்பர் எப்ப குடுக்கணும்?”

“நாளன்னைக்கு.”

“அப்ப காலையில கம்பியூட்டர் திருத்துற றில்வான் நானாகிட்ட குடுத்துருவோம்.” அவன் சற்று நேரம் திரையையே பார்த்தான். “நானும் வாறேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் கணினியை மூடினாள்.

கணினிக்குள் ஒளிக்க அவளிடம் ஒன்றுமில்லை. வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள். ஒளிக்க வேண்டியது வாசலிலேயே இருந்தது. ஒரே ஒரு சொல். போயிருவேன்.

அதை அவள் வைத்தது அம்மா இராக்கம்மாவைக் குளவி கொட்டிய அன்று இரவில். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூட்டமாகக் கொட்டி, பசறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக லய வீட்டு வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி அழைத்துச் சொன்னாள். துஷாந்தி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மதுரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மழையில் அந்த வளைவுகளில் வேன் எடுக்க முடியாது, காலையில் பார்ப்போம் என்றான். பஸ்ஸில் போகிறேன் என்றாள். அவன் குரலை உயர்த்தவில்லை. சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. “போறதுன்னா அப்பிடியே போயிரு” என்றான். மாமியார் சந்திரகாந்தி அவனுக்கு ரசம் ஊற்றினாள். துஷாந்தி செருப்பைக் கழற்றினாள். எல்லோரும் படுத்த பின் கணினியைத் திறந்து, அவனுடைய ‘போயிரு’வுக்குப் பின்னால் தன்னுடைய இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கடவுச்சொல்லாக்கிவிட்டுத்தான் அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. காலையில் போனபோது வீங்கிய முகத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து அம்மா கேட்டது, “மாப்புள வரலியா?”

அவன் அடிக்கிறவன் இல்லை. அடித்திருந்தால் அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும். பள்ளிக்கூட அதிபர் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேசிய ஒரு சமயம், அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கைபேசியை வாங்கி, பின்னூசியால் சிம்மைக் கழற்றிக் கடை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான். கோபமான முகம்கூட இல்லை. தவணை விடுமுறை முழுக்க அது அங்கேயே கிடந்தது. அந்த நாட்களில் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. அவன் பேசாததால் வீட்டில் யாரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் சிம் இருந்தது. எதற்காகப் பூட்டினான், எதற்காகத் திருப்பித் தந்தான் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் பயம். எந்தப் படியில் கால் வைத்தால் சத்தம் வரும் என்று தெரியாத மரப்படி போல அந்த வீட்டில் அவள் நடந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. பாமினியை வாசிக்க வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது, மதுரனுக்குத் தெரியும். பதுளையில் ஒரு கணினி வகுப்பில்தான் அவர்கள் சந்தித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கும் புடவைக்கடை வீட்டுப் பையனுக்கும் நடுவே பேச்சு வெளியே தெரியாமலிருக்க, தமிழைப் பாமினி விசைகளில் அப்படியே ஆங்கில எழுத்தாகக் கைபேசியில் அனுப்பிக்கொண்டார்கள். பார்க்கிறவனுக்கு அது வெறும் குப்பை. ஒரு தடவை அவளுடைய அண்ணன் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “இந்த சனியன் பழுதாப்போச்சு, கடையில குடுத்து மாத்து” என்று திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் எவ்வளவு சிரித்தார்கள். அப்போது அவனை மதுரன் என்றே கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பின் மொழியில்தான் இந்தச் சொல்லையும் எழுதி வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் எதையாவது வைத்திருக்கலாம். வைக்கத் தோன்றவில்லை. விரலுக்குத் தெரிந்த மொழி அதுதான்.

இரவு முழுக்க அவன் அமைதியாகத் தூங்கினான். அவள் மட்டும் அந்தச் சொல்லை முதல்முறையாகப் படித்தாள். நாளுக்கு நாலைந்து தரம் அடித்த சொல். ஆனால் படித்ததில்லை, விரல் ஓடும், கணினி திறக்கும், எழுந்துபோய் அரிசி களைவாள். உண்மையிலேயே போக நினைத்தவள் இதை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? சொல்லை அடித்து அடித்தே போகாமலிருக்கப் பழகியிருக்கிறோமோ என்று இருட்டில் கேட்டுக்கொண்டபோது, அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் குளிர்ந்து கிடப்பதைக் கண்டாள்.

றில்வானின் கடை மேல்மாடியில், ஒடுங்கிய படிக்கட்டின் முடிவில். திறந்த வயிறுகளோடு கணினிகள் மேசையில் கிடந்தன. துஷாந்தி விசை இறந்ததைச் சொன்னதும் அவர் நகத்தால் அரைப்புள்ளி விசையின் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளேயிருந்து இரண்டு சின்ன எறும்புகள் வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துத் தயங்கின.

“டீச்சர் சீனி கூடப் போட்டுத்தான் டீ குடிக்கிய போல. உள்ளுக்கு ஒரு குடும்பமே ஈக்குது.”

மதுரன் சிரித்தான். “நானா, வாடகை கேட்டு வாங்குங்க.”

றில்வான் மருந்து தொட்ட பஞ்சால் துடைத்து, அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். கீபோட்டையே மாற்ற வேண்டும், கைவசம் இருக்கிறது, பின்னேரம் தரலாம் என்றார். பிறகு ஒரு வெள்ளை ஸ்டிக்கரை எடுத்துக் கணினியின் மேல் ஒட்டினார். “பாஸ்வேட்ட சொல்லுங்கோ, எழுதிக்கிறன்.”

“நானே வந்து அடிக்கிறேன் நானா.”

“மாத்தினா மூணு நாலு தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாக்கணும். ஒவ்வொரு தரமும் ஸ்கூல்ல ஈந்து ஓடி வாறதா?”

“சொல்லிட்டு வா” என்றான் மதுரன். கதவோரம் நின்று கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். “கீழ வேன நோ பார்க்கிங்ல விட்டிருக்கேன்.”

அவள் வாய்க்கு முதலில் வந்த பொய்யைச் சொன்னாள். தமிழ் என்பதன் பாமினி எழுத்துகள். றில்வான் வேறொரு விசைப்பலகையைக் கணினியில் செருகி அடித்துப் பார்த்தார். பிழை.

“மறந்துட்டியா?” மதுரன் தலை நிமிராமல் கேட்டான்.

“இல்லங்க. மாத்தி வச்சிட்டேன். இப்ப ஞாபகம் வருது.”

ஞாபகம் வருகிறது என்று ஏன் சொன்னோம் என்று உடனே நொந்தாள். வரவில்லை என்றிருக்கலாம். கணினியையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கலாம். பாதி முடிந்த வினாத்தாள், பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் போயிருக்கும், போகட்டுமே. ஆனால் றில்வான் பேனையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அவளுடைய வாய் திறந்தது.

“பெரிய என். சின்ன ஜீ. எச்.”

மூன்றெழுத்து. போ. மழைக்குப் பிந்திய தெருச்சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அவள் மதுரனைப் பார்க்கவில்லை. கைபேசிக் கண்ணாடியில் அவன் கட்டைவிரல் நகர்கிறதா என்று மட்டும் ஓரக்கண் தேடியது.

“ஏ. பீ. ரெண்டும் சின்னது. பெறகு பெரிய யூ.”

போயிரு. அவனுடைய சொல் முழுதாக, அவன் சொன்னபடியே, வெள்ளை ஸ்டிக்கரில் நீல மையில் இருந்தது. இங்கே நிறுத்திவிடலாம். இதுவரை உள்ளது அவனுடையது. அதற்கு அவள் பொறுப்பில்லை. கட்டைவிரல் நின்றிருந்தது. அல்லது முதலிலிருந்தே நகரவில்லையோ.

“அவ்வளவு தானா டீச்சர்?”

“இல்ல. பெரிய என். டீ. அடுத்ததும் டீ.”

“எந்த டீ? தேத்தண்ணி டீயா, டொக் டீயா?”

“மொதல்ல தேத்தண்ணி. அடுத்தது மத்தது.”

றில்வான் எழுதி, வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்த்து, அடித்தார். கறுப்புப் பொட்டுகள் வரிசையாக விழுந்தன. பிழை என்றது திரை. இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது சின்ன ஒன்று, எழுத்துக்கூட இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் சொல் முடிந்துவிடும். பயத்தில் இத்தனை நாள் தெரியாமலிருந்த ஓர் எளிமை இருந்தது: வாய் திறக்காவிட்டால் எதுவும் நடக்காது.

“என்னமோ ஒண்டு குறையுது போல” என்றார் றில்வான்.

“கடைசியில அரைப்புள்ளி” என்றான் மதுரன்.

அவன் இன்னும் கதவோரத்தில்தான் நின்றான். கைபேசி சட்டைப் பைக்குள் போயிருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளருக்கு அளவு சொல்கிற குரலில் சொன்னான். “செமிகோலன். போட்டுப் பாருங்க.”

றில்வான் போட்டார். கணினி திறந்தது. “அட, மொதலாளிக்குத் தெரிஞ்சிட்டு ஈந்திருக்கு. டீச்சர்தான் கஷ்டப்படுறா.” அவர் ஸ்டிக்கரின் கடைசியில் அந்தக் குறியையும் போட்டு, அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் வரைந்தார்.

மதுரன் இப்போது கேட்டுக் கேட்டு வாசித்திருக்கலாம். எழுத்துகளைக் கூட்டத் தெரிந்தவனுக்குக் கடைசியில் புள்ளி வரும் என்பது கணக்கே இல்லை. அல்லது வைத்த அன்றிலிருந்தே தெரிந்திருக்கலாம். நாள்தோறும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, விரல் போகும் வழியைப் பார்த்து, தெரிந்துகொண்டே சாப்பிட்டு, தெரிந்துகொண்டே அவளருகில் தூங்கியிருக்கலாம். எது என்று கேட்கவும் முடியாது. அவன் முகத்தில் தேடினாள். முன்பு கணினி வகுப்பில் அடுத்த மேசையிலிருந்து அவள் எழுதியதைத் தலை திருப்பாமலே வாசித்துவிட்டு இருந்த அதே முகம். அன்று உதட்டோரத்தில் ஒரு சிரிப்புத் தொடங்கியிருந்தது. இன்று அங்கே ஒன்றும் இல்லை.

“நீ கீழ போ” என்றான். “நான் நானாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாறேன்.”

“என்னங்க பேசணும்?”

அவன் கதவை விட்டு விலகி அவளுக்கு வழி விட்டான்.

படிக்கட்டு இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு றில்வானின் குரல், பிறகு ஒன்றுமில்லை. கடைசிப் படியில் நின்று காது கொடுத்தாள். அவனுடைய செருப்பொலி வரவில்லை. எதிரே தெருவில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றுவிட்டிருந்தன. அம்மாவின் லயத்துப் பக்கம் போகும் பசறை பஸ் ஒன்று அவளுக்கு நேராக, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், கதவைத் திறந்தபடி உறுமிக்கொண்டு நின்றது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துனர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“ஏறுறீங்களாம்மா?”

அவள் ஒரு காலைப் படியிலிருந்து எடுத்திருந்தாள். தெருவில் ஓடிய மழைநீர் அந்தச் செருப்பின் விளிம்பைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் சேர்ந்து ஓடியது. மேலே படியில் முதல் காலடி விழுந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நின்ற லொறி மெல்ல நகரத் தொடங்கியது. நடத்துனர் இன்னும் கையை நீட்டியபடியே இருந்தான்.